டான்யூப்பை எங்கே நின்று பார்ப்பது? புடாபெஸ்ட்டில் நண்பர்களோடு இரண்டு நாள்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் போவதென்று முடிவானதுமே எங்கள் ஐந்து பேருக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. விளக்கொளியில் டான்யூப் ஆற்றில் படகில் போகாவிட்டால் அந்த ஊருக்குப் போனதற்கே பொருளில்லை என்றான் ஒருவன். கரையோரமாகவே டிராம் ஓடுகிறதே, படகுக்கு எதற்குக் காசு என்று கேட்டாள் இன்னொருத்தி. மலைமேல் ஏறினால் ஒரே பார்வையில் எல்லாம் கிடைக்கும் என்றான் கேமராவைக் கழுத்திலிருந்து இறக்காதவன். முழங்கால் வலி உள்ள நண்பர் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எது ஒத்துவரும் என்பதுதான் கடைசியில் பல முடிவுகளைத் தீர்மானித்தது.

அக்டோபர் முதல் வாரம் போனோம். கையில் இரண்டு மாலை, இரண்டு காலை. படகு, கரை, மலை மூன்றையும் செய்து பார்த்தோம். இதே கேள்வியோடு கிளம்பும் ஒரு கூட்டத்துக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு மனதில் பதிய வேண்டும். ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மேற்குக் கரையில் மேடும் குன்றுமாகப் புடா, கிழக்குக் கரையில் சமவெளியாகப் பெஸ்ட். உள்ளூர்க்காரர்கள் ‘பெஷ்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். 1873 வரை இரண்டும் தனித்தனி நகரங்கள். அந்த ஆண்டுதான் வடக்கே இருந்த ஓபுடாவையும் சேர்த்து ஒரே நகரமாக்கினார்கள். அரண்மனை இருக்கும் கோட்டையும் பழைய தேவாலயமும் புடாப் பக்கம். நாடாளுமன்றமும் கடைத்தெருக்களும் பெஸ்ட் பக்கம். இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

இதிலிருந்தே நேரக் கணக்கு வந்துவிடுகிறது. காலை வெயில் கிழக்கிலிருந்து புடாவின் முகத்தில் விழுகிறது, அதனால் காலையில் பெஸ்ட் கரையில் நிற்க வேண்டும். மாலை வெயில் மேற்கிலிருந்து நாடாளுமன்றத்தின் ஆற்றுமுகத்தில் விழுகிறது, அதனால் மாலையில் புடா கரையில் நிற்க வேண்டும். மாற்றி நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும், எதிரே கட்டடங்கள் கறுத்த நிழலாகத் தெரியும். படகா மலையா என்று எதைத் தேர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. முதல் நாள் மாலை இது தெரியாமல் பெஸ்ட் பக்கம் நின்று புடாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் நாடாளுமன்றம் பொன்னாக மின்னியதை அடுத்த நாள்தான் கண்டோம்.

சரி, படகு. பெரும்பாலான படகுகள் பெஸ்ட் பக்கம் விகடோ சதுக்கத்தை ஒட்டிய துறைகளிலிருந்து புறப்படுகின்றன. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வடக்கே மார்கிட் தீவை நோக்கிப் போய்த் திரும்பி, தெற்கே சில பாலங்கள் தாண்டி மறுபடி கரை சேரும். படகின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: இரண்டு கரையையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நடு ஆற்றிலிருந்து தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் நாடாளுமன்றம், மறு பக்கம் கோட்டை. பாலத்தின் அடிவயிற்றைக் கீழிருந்து பார்ப்பதும் வேறெங்கும் கிடைக்காது. நடக்க முடியாதவர்கள் கூட்டத்தில் இருந்தால், உட்கார்ந்தபடியே முழு நகரமும் முன்னால் வந்து போகும்.

ஆனால் எல்லாப் படகும் ஒன்றல்ல. நாங்கள் ஏறியது இரவு உணவோடு கூடிய படகு. அங்கேதான் தவறினோம். உள்ளே பளிச்சென்று விளக்கு, கண்ணாடி ஜன்னலில் எங்கள் மேஜையும் எங்கள் முகங்களுமே தெரிந்தன. நாடாளுமன்றம் வந்தபோது சூப் வந்தது. சைவத் தோழிக்கு முன்பே சொல்லி வைத்தும் வெந்த காய்கறித் தட்டு ஒன்றுதான் கிடைத்தது. மேல்தளத்துக்குப் போகலாமென்று எழுந்தபோது படகு திரும்பிவிட்டிருந்தது. படகில் போவதென்றால் சாப்பாடு இல்லாததாக, திறந்த மேல்தளம் உள்ளதாகப் பாருங்கள். விலையும் குறைவு, ஆறும் கண்ணுக்குத் தெரியும். மேலாடை அவசியம். அக்டோபர் முதல் வாரத்திலேயே ஆற்றுக் காற்று காதைக் குத்தியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2019 மே 29 அன்று இரவு, கொட்டும் மழையில், மார்கிட் பாலத்துக்கு அடியில் ‘ஹப்லெயான்’ என்ற சிறிய சுற்றுலாப் படகின் மீது பெரிய பயணக் கப்பல் ஒன்று மோதியது. படகில் இருந்த 35 பேரில் பெரும்பாலானவர்கள் தென்கொரியச் சுற்றுலாப் பயணிகள். ஏழு பேர்தான் பிழைத்தார்கள். படகு மூழ்கச் சில நொடிகளே ஆயின. பயமுறுத்த இதை எழுதவில்லை, தினமும் ஆயிரக்கணக்கானோர் பத்திரமாகப் போய்வருகிறார்கள். ஆனால் ஏறியதும் உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கனமழையாக இருந்தால் அன்றைய சவாரியை விட்டுவிடுங்கள், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை.

அடுத்தது கரை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

பெஸ்ட் கரையோரமாக 2ஆம் எண் மஞ்சள் டிராம் ஓடுகிறது. மார்கிட் பாலத்தின் பெஸ்ட் முனையிலுள்ள யாசாய் மாரி சதுக்கத்தில் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், நாடாளுமன்றத்தைத் தாண்டியதும் தெற்கே போகும் வழியில் ஆறும் அக்கரையும் கூடவே வரும். நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எலிசபெத் பாலம், விடுதலைப் பாலம் என்று வரிசையாக எல்லாம் வந்துவிடும். சாதாரணப் பயணச்சீட்டு போதும். முழங்கால் வலிக்கார நண்பர் இதில் இரண்டு முறை போய்வந்தார். காலை எட்டரை மணிக்கு, எதிர்க்கரையில் கோட்டைமேல் வெயில் விழும் நேரத்தில் போனது படகைவிட நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார்.

புடா கரையில் 19, 41 எண் டிராம்கள். மாலைக்கு அந்தப் பக்கம் போக எளிய வழி மெட்ரோ. நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள கோஷூத் சதுக்கத்தில் இறங்கி 2ஆம் எண் சிவப்புத் தடத்தில் ஏறினால், ஆற்றுக்கு அடியில் புகுந்து அடுத்த நிறுத்தமே பாத்யானி சதுக்கம். படியேறி வெளியே வந்து திரும்பினால் நாடாளுமன்றம் முழுசாக எதிரே நிற்கிறது. 268 மீட்டர் நீளம், நடுக் குவிமாடம் 96 மீட்டர் உயரம். ஹங்கேரியர்களான மஜார்கள் 896ஆம் ஆண்டு இந்த மண்ணுக்கு வந்து குடியேறியதை நினைத்து அந்த 96. பெஸ்ட்டிலுள்ள புனித ஸ்டீபன் தேவாலயமும் அதே 96 மீட்டர்தான். இந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு இல்லை, வரிசை இல்லை. கற்சுவரில் கால் தொங்கப் போட்டு உட்காரலாம். ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தது. கல்லின் பொன்னிறம் மெல்லச் சாம்பலாகி, வானம் நீலமாக இருக்கும்போதே விளக்குகள் ஏறின. அந்த அரைமணி நேரம் நாங்கள் ஐவரும் பேசியதைப் போல இருபது வருடத்தில் பேசியதில்லை. படகில் எல்லோரும் ஒரே கம்பியருகே படம் எடுக்க முட்டிக்கொண்டு நின்றோம். இங்கே நினைத்த இடத்தில் நிற்கலாம், பசித்தவர் போய் வாங்கி வரலாம், களைத்தவர் உட்கார்ந்து கொள்ளலாம். நண்பர்களோடு போகும்போது இது சிறிய விஷயமில்லை.

அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் சங்கிலிப் பாலம். இதற்கு முன்பு இரண்டு நகரங்களுக்கும் இடையே நிரந்தரப் பாலமே கிடையாது. மிதவைப் பாலம்தான், குளிர்காலத்தில் பனிக்கட்டி வந்தால் அதையும் கழற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போக வேண்டியிருந்த ஹங்கேரியப் பிரபு இஷ்த்வான் சேச்சேனி ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் காத்திருந்தார் என்பார்கள். பிறகு அவர் முன்னின்று கட்ட வைத்த பாலம் 1849இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வில்லியம் டியெர்னி கிளார்க், கட்டுமானத்தை நடத்தியவர் ஆடம் கிளார்க், இருவரும் உறவினர்கள் அல்ல. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை இதைத் தகர்த்தது. அப்போது ஊரில் இருந்த மற்றப் பாலங்களும் அந்தப் போரில் தகர்க்கப்பட்டவைதான். சரியாக நூறாண்டு கழித்து 1949இல் மறுபடி திறந்தார்கள். கடைசியாகப் பழுதுபார்த்த பிறகு தனியார் கார்களை இதன்மேல் விடுவதில்லை, அதனால் நடப்பது இன்னும் சுகமாகிவிட்டது.

பெஸ்ட் கரையில் நடந்தே பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத்திலிருந்து சற்றுத் தெற்கே, ஆற்றின் விளிம்பில், அறுபது ஜோடிக் காலணிகள் இரும்பில் வார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில், ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஜான் டோகாய், ஜூலா பாவர் இருவரும் உருவாக்கிய இந்த நினைவிடம் 2005இல் வைக்கப்பட்டது. ஆண்களின் பூட்ஸ், குதிகால் செருப்பு, குழந்தையின் சின்னக் காலணியும் உண்டு. படகிலிருந்து பார்த்தால் புள்ளிகளாகக்கூடத் தெரியாது. அருகில் போனதும் எங்கள் பேச்சு தானாக நின்றது. காலணிகளுக்குள் யாரோ மெழுகுவர்த்தியும் கூழாங்கல்லும் வைத்திருந்தார்கள். அங்கே காலை நீட்டிப் படம் எடுக்கும் சிலரைப் பார்த்தேன், மனம் வலித்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கரை வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மார்கிட் பாலத்திலிருந்து விடுதலைப் பாலம் வரை ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர். நடுநடுவே பாலம் கடந்தால் கூடும். சில இடங்களில் கீழ்க்கரையில் வாகனச் சாலை ஓடுகிறது, இரைச்சல் உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் கீழ்க்கரை மூழ்கிவிடும், 2ஆம் எண் டிராமின் ஓட்டமும் தடைபடும். 2013 ஜூனில் நீர்மட்டம் 891 சென்டிமீட்டர் என்ற சாதனை அளவைத் தொட்டது. 2024 செப்டம்பரிலும் கரைச் சாலைகளை மூடினார்கள். 1838 வெள்ளத்தில் பெஸ்ட்டின் பெரும்பகுதி இடிந்தே போனது. அப்போது படகில் போய் மக்களை மீட்ட வெஷெலேனி பிரபுவின் புடைப்புச் சிற்பத்தை ஃபிரான்சிஸ்கன் தேவாலயச் சுவரில் இன்றும் பார்க்கலாம். ஆகவே வெள்ளச் செய்தி வந்தால் யோசிக்க வேண்டாம், அந்த முறை மலைக்குப் போங்கள்.

மலை என்றால் இரண்டு இடம். கோட்டைக் குன்றிலுள்ள மீனவர் கொத்தளம், தெற்கே கெல்லெர்ட் குன்று. முன்னதிலிருந்து நாடாளுமன்றத்தின் முகம் தெரிகிறது, பின்னதிலிருந்து ஆற்றின் நீளம் முழுதும் பாலங்களோடு தெரிகிறது. எனக்குப் பின்னது பிடித்தது. பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கிடப்பதை அங்கிருந்து பார்த்தபோதுதான் இரண்டு ஊர் எப்படி ஒன்றானது என்பது கண்ணால் புரிந்தது. ஆனால் அங்கே போக நல்ல ஏற்றம், படிகளும் உண்டு. கூட்டத்தில் முழங்கால் வலி இருந்தால் கோட்டைக் குன்றே போதும்.

கோட்டைக் குன்றுக்கு ஏற நான்கு வழி. 1870இல் தொடங்கிய மலை ரயில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பயணம் ஒன்றிரண்டு நிமிடம், வரிசை நீளம், கட்டணம் தனி. 16ஆம் எண் பேருந்து டெயாக் சதுக்கத்திலிருந்து சங்கிலிப் பாலம் வழியாக நேராக மேலே கொண்டுவிடும், சாதாரணச் சீட்டே போதும். நடந்தும் ஏறலாம். நான்காவது வழி பலருக்குத் தெரிவதில்லை: ஆற்றங்கரையிலுள்ள வார்கெர்ட் பஜாரிலிருந்து நகரும் படிகளும் மின்தூக்கியும் உண்டு. எங்கள் நண்பரை அப்படித்தான் கூட்டிப்போனோம். மலை ரயிலை விட்டதில் யாருக்கும் வருத்தமில்லை.

மீனவர் கொத்தளம் பார்க்கப் பழங்கோட்டை போலிருந்தாலும் 1895 முதல் 1902 வரை ஃப்ரிஜேஷ் ஷூலெக் கட்டியது. ஏழு கோபுரங்களும் ஏழு மஜார் தலைவர்களைக் குறிக்கின்றன. மேல் மாடத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள், கீழ்த்தளம் இலவசம். காட்சியில் பெரிய வேறுபாடு இல்லை, கீழ்த்தளமே போதும். சூரிய உதயத்துக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கேமராக்காரன் அக்டோபரில் காலை ஆறரைக்கே போய் நின்றான். நாடாளுமன்றம் இருக்கும் கிழக்குப் பக்கத்திலிருந்தே சூரியன் எழுவதால் கட்டடம் நிழலுருவாகத்தான் விழுந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது. கட்டடத்தின் செதுக்கல்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாலைதான்.

குளியலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊருக்கு வந்து வெந்நீர் ஊற்றில் இறங்காமல் போகக்கூடாது, அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. எங்கே என்பதில்தான் சண்டை. நகரப் பூங்காவிலுள்ள சேச்சேனி குளியல் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது: மஞ்சள் கட்டடம், திறந்தவெளிக் குளங்கள், நீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து போகலாம். இன்னொரு குளியல் மாளிகையான ருடாஷ் இருப்பது டான்யூப் கரையில், கெல்லெர்ட் குன்றின் அடியில். 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் கட்டிய குவிமாடம், அதன் கீழே எண்கோணக் குளம். நடுக்குளம் 36 டிகிரி, மூலைக் குளங்கள் 28 முதல் 42 டிகிரி வரை. கூரைமேல் உள்ள தொட்டியில் உட்கார்ந்தால் கீழே டான்யூப் ஓடுகிறது. ஆனால் ருடாஷின் துருக்கியப் பகுதியில் வார நாட்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. கலந்த கூட்டமாகப் போனால் சனி ஞாயிறுக்கு வைத்துக்கொண்டு, முன்கூட்டிச் சரிபாருங்கள். புகழ்பெற்ற கெல்லெர்ட் குளியல் மாளிகை 2025 அக்டோபர் முதல் புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது. நான் ருடாஷைத்தான் சொல்வேன், கரை நடையின் முடிவில் அது தானாக வந்து சேர்கிறது என்பதற்காகவே.

தங்குவது எந்தக் கரையில்? கோட்டைப் பகுதியில் இரவு அமைதி, கல் பாவிய தெருக்கள், காலையில் கூட்டம் வருமுன் தேவாலயத்தைத் தனியே பார்க்கலாம். ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் கீழே இறங்க வேண்டும். ஐந்து பேரில் ஒருவருக்காவது கட்டாயம் பசிக்கும். பெஸ்ட்டில் 5ஆம் அல்லது 6ஆம் வட்டாரம் வசதி. 7ஆம் வட்டாரத்தின் உட்பகுதியில் பாழடைந்த வீடுகளை மதுக்கூடங்களாக்கியிருக்கிறார்கள், வார இறுதியில் விடியும்வரை சத்தம். 6ஆம் எண் டிராம் இரவு முழுவதும் ஓடுகிறது, மார்கிட் பாலத்தையும் கடக்கிறது. அதன் அருகே அறை எடுத்தால் எந்த நேரத்திலும் வீடு திரும்பலாம்.

பயணச்சீட்டில் ஒரு கணக்கு. ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் 24 மணி நேரக் குழுச்சீட்டு உண்டு, தலைக்குக் கணக்குப் போட்டால் மலிவு. ஆனால் எல்லோரும் ஒன்றாகவே நகர வேண்டும். எங்களில் ஒருவர் டிராமில், மூவர் நடையில், ஒருவன் விடிகாலையில் மலைமேல். அதனால் ஆளுக்கொரு 72 மணி நேரச் சீட்டு வாங்கினோம். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை.

சைவக்காரர்களுக்கு: விடுதலைப் பாலத்தின் பெஸ்ட் முனையில் 1897இல் கட்டிய பெரிய சந்தை இருக்கிறது. அங்கே மேல்தளத்தில் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ், பூண்டும் புளித்த கிரீமும் சீஸும் தடவித் தருவார்கள். எங்கள் ஊர் பூரியின் தடித்த அண்ணன் என்று தோழி பெயர் வைத்தாள். மிளகாய்த்தூள் போட்ட காளான் குழம்பான பப்ரிகாஷும் கிடைக்கும். மேஜையில் சிவப்பு மிளகாய் விழுது இருந்தால் தயங்காமல் கேளுங்கள், நம் நாக்குக்கு ஏற்ற காரம்.

எங்களில் ஓவியம் வரைபவளுக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம். அமிர்தா ஷெர்-கில் 1913இல் பிறந்தது இங்கேதான். 1937இல் கன்னியாகுமரி வரை வந்து பார்த்துவிட்டு, தென்னிந்திய மனிதர்களைச் சந்தைக்குப் போகும் கூட்டமாகவும் பிரம்மச்சாரிகளாகவும் வரைந்தவர். பாத்யானி சதுக்கத்தின் கற்சுவரில் உட்கார்ந்து அவள் வரைந்த பென்சில் படம்தான் அந்தப் பயணத்திலிருந்து என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறதென்றால்: சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு பாத்யானி சதுக்கம், விளக்கேறிய பிறகு சங்கிலிப் பாலம்வழியாகப் பெஸ்ட்டுக்கு நடை, அங்கிருந்து 2ஆம் எண் டிராம். இரண்டாவது மாலையும் கிடைத்தால் மேல்தளம் திறந்த சாதாரணப் படகு. காலை மீதமிருந்தால், கட்டடங்கள் நிழலுருவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு மலை. நடக்கவே முடியாதவர் கூட இருந்தால் படகை முதலில் வையுங்கள்.

மே மாதம் அண்ணனும் அவர் நண்பர்கள் இருவரும் புடாபெஸ்ட் வருகிறார்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அப்போது சூரியன் எட்டு மணிக்குப் பிறகுதான் மறையும். படகு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடவா என்று அண்ணன் கேட்டிருக்கிறார். வேண்டாம், முதல் மாலை ஏழு மணிக்குப் பாத்யானி சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.